நளீபாவின் மதிலக்கா

வெள்ளவத்தையில் ஒருவர் இறந்துவிட்டால் வீட்டார் முதலில் வைத்தியரின் கடிதத்தை வாங்குவார்கள், இரண்டாவதாகச் சரோஜினிதேவியிடம் வருவார்கள். ஐயரைக் கூட மூன்றாவதாகத்தான் தேடுவார்கள். இதை வெளியில் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம் கிடையாது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், போட்டோகொப்பிக் கடையின் முன்பக்கத்தில், ஒரு மேசை, ஒரு தமிழ்த் தட்டச்சு, ஒரு தொலைபேசி. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக மரண அறிவித்தல் எழுதிவந்தார். பத்திரிகைக்கு ஒரு பிரதி, வானொலிக்கு ஒரு பிரதி.

இதென்ன பெரிய வித்தையா என்று நினைப்பவர்கள் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்பது வரை யாரும் எழுதிவிடலாம். அதற்குப் பிறகுதான் வினை. அன்னார் யாருடைய பாசமிகு மனைவி, யாருக்கு மாமியார், யாருக்கு மைத்துனி, யாருக்குச் சிறியதாய். எவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ போட வேண்டும், எவர் பெயருக்கு முன்னால் போட்டால் அவர் கோபித்துக்கொண்டு நேரில் வருவார். இவ்வளவும் தெரிய வேண்டும். ஒரு பெயர் இடம் மாறிப் போனதால் பத்து வருடம் முகம் பாராமல் இருந்த குடும்பங்களைச் சரோஜினிதேவி அறிவார். அவர் எழுதிய அறிவித்தலில் மட்டும் அப்படியொரு பிசகு வந்ததில்லை.

அது 1997ஆம் ஆண்டு. போரினால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை. கடிதம் கப்பலேறிப் போய்ச் சேர மாதக்கணக்காகும். கொழும்பில் ஒருவர் கண்ணை மூடினால் ஊரிலிருக்கும் உடன்பிறப்புக்கு அது தெரியவருவது மாலை வானொலியில்தான். பற்றரியைச் சூரியவெளிச்சத்தில் காயவைத்தாவது சனங்கள் அந்த அறிவித்தல்களைக் கேட்டார்கள். ஆகவே சரோஜினிதேவியின் தட்டச்சில் விழும் ஒவ்வொரு சொல்லும் கடல் கடந்து போகிறது என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் இருந்தது. அந்த நினைப்பில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை அவரே ஒத்துக்கொள்வார்.

சொல் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. பத்திரிகைக் கந்தோருக்குப் புதிதாக வந்த ஒருவர், ‘பெறாமகன்’ என்றொரு சொல் தமிழில் கிடையாது என்று சொல்லி அதை வெட்டப் பார்த்தார். வயிற்றில் சுமக்காமலே மகனாகிப் போனவனை யாழ்ப்பாணத்தில் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று அரைமணி நேரம் தொலைபேசியில் வகுப்பெடுத்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்தச் சொல்லிலும் கைவைக்கவில்லை.

அதேபோல, இல்லாத சொல்லைக் கொண்டுவருகிறவர்களையும் அவர் விடமாட்டார். அதற்கு ஒரு சோதனை வைத்திருந்தார். உறவுமுறைச் சொல் என்றால் அது போய்த் திரும்பி வரவேண்டும். ஒருவர் அக்கா என்றால் மற்றவர் தம்பி என்பார். மாமா என்றால் மருமகன். திரும்பி வராத சொல் உறவாகாது, அது வெறும் புகழ்ச்சி. முதலாளி இறந்தபோது ‘என் தொழில்தந்தை’ என்று போடச் சொல்லி ஒருவர் வந்து நின்றார். அவர் உங்களை ஒரு நாளாவது தொழில்மகன் என்று கூப்பிட்டிருக்கிறாரா என்று சரோஜினிதேவி கேட்டார். வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, ‘அனுதாபம் தெரிவிப்போர்’ பகுதியில் பெயரைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்தாறு வயதில் அவர் விதவையானார். காதலித்துக் கட்டியவர் என்பதால் கணவரின் வீட்டார் அறிவித்தலில் அவருடைய பெயரைப் போடவில்லை. தாய், தந்தை, சகோதரர், மைத்துனர் எல்லாரும் இருந்தார்கள், மனைவி இல்லை. பத்திரிகையில் அதைப் பார்த்தபோது அவருக்குக் கணவர் இரண்டாவது தடவை செத்தது போலிருந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்தக் கோபத்தில் கற்றுக்கொண்ட தொழில் இது.

ஒரு வியாழக்கிழமை காலையில் கௌரி வந்தாள். ஹெவ்லொக் டவுனில் கணவனோடு இருப்பவள், முப்பத்தைந்து வயது. முதல்நாள் மாலை களுபோவில ஆஸ்பத்திரியில் தாய் நேசமலர் தவறிவிட்டார். இரண்டு அண்ணன்மாரும் வெளிநாட்டில். விசா கிடைத்து வருவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை கனத்தை மயானத்தில் தகனம். அறிவித்தல் வியாழன் மாலையே வானொலியில் போகவேண்டுமென்றால் இரண்டு மணிக்கு முன் பிரதி சேரவேண்டும்.

கௌரி ஒழுங்காகவே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சரோஜினிதேவியின் பென்சில் கடைசி வரியில் நின்றது. காலஞ்சென்ற நமசிவாயத்தின் மனைவி, இன்னாரின் தாய், சிவபாதசுந்தரத்தின் சகோதரி என்று வந்து, ‘நளீபாவின் மதிலக்காவும் ஆவார்’ என்று முடிந்திருந்தது.

நளீபா என்பவர் நேசமலரின் பக்கத்து வீட்டுக்காரி என்று கௌரி சொன்னாள். முஸ்லிம் பெண், கணவர் இல்லை, வயது ஐம்பத்தெட்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அம்மாவை அவர் கூப்பிடுவது அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பேச்சு நிற்பதற்கு முன் அம்மா சொன்னது இந்த ஒன்றைத்தான்: அறிவித்தலில் நளீபாவை விட்டுவிடாதே, அயலவர் என்றும் போடாதே, அவள் சொல்வது போலவே போடு. கௌரி கையடித்துக் கொடுத்திருக்கிறாள்.

“ஆனா மாமா விடுறாரில்லை, அன்ரி. அப்பிடி ஒரு சொல்லே இல்லை எண்டுறார். அந்தச் சொல் வந்தா தன்ர பேரை எடுக்கட்டாம். கடைசியில, சரோஜினிதேவி சொல்லட்டும், அவ சொன்னா நான் ஏற்கிறன் எண்டிட்டார்.”

மாமா என்றது சிவபாதசுந்தரத்தை. நேசமலரின் தம்பி, பத்திரிகை ஒன்றில் முப்பது வருடம் பிழை திருத்தும் ஒப்புநோக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகையைக் கூடச் சிவப்புப் பேனையோடு வாசிக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் தன் தீர்ப்பை ஏற்கிறேன் என்றது சரோஜினிதேவிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஆனாலும் சொல்லைப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். மதிலாவது அக்காவாவது. பெட்டிக்கடையக்கா, பூக்காரியக்கா என்று கூப்பிடுவதில்லையா, அதுபோல ஒன்று. சரோஜினிதேவி தன் சோதனையை வைத்தார்: அம்மா நளீபாவை எப்படிக் கூப்பிடுவா?

கௌரிக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி அந்த வீட்டைவிட்டு வந்து பதினாறு வருடம். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பா என்றாள்.

“அப்ப இது சொல்லில்லை, பிள்ளை. நளீபாவின் உற்ற தோழி எண்டு போடுவம். கௌரவமாயும் இருக்கும்.”

கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். கைக்குட்டையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். கொடுத்த வாக்கு உடைகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பவளின் முகம் அது. சரோஜினிதேவிக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. வழக்கப்படி வீட்டுக்கு வந்து எல்லார் முன்னிலையிலும் வாசித்துக்காட்டிய பிறகுதான் அனுப்புவேன் என்று சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு அவளோடு புறப்பட்டார். இரண்டு ஒழுங்கை தாண்டுவதற்குள் ஒரு சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, போய்ச் சேரும்போது பதினொரு மணி.

பூதவுடல், அதைப் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து இன்னும் வரவில்லை. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேநீரும் பாணும் பின்பக்கத்தில் மதிலுக்கு மேலால் வந்துகொண்டிருந்தன. இறக்கி வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் வாங்கினார்கள், நெடுநாள் பழக்கம் போல. சிவபாதசுந்தரம் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் தடித்த அகராதி. அக்காவின் சாவுக்கு அகராதியோடு வந்த மனிதரைச் சரோஜினிதேவி அன்றுதான் பார்த்தார்.

சரோஜினிதேவி அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார். வாசிப்பதற்கென்று அவரிடம் ஒரு தனிக் குரல் உண்டு, அழுகிறவர்களும் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ‘நளீபாவின் உற்ற தோழி’ என்ற இடம் வந்ததும் சிவபாதசுந்தரம் திருப்தியாகத் தலையாட்டினார். கௌரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குசினி வாசலில் நின்ற ஒல்லியான பெண், அதுதான் நளீபா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதோடு பேசாமல் போயிருக்கலாம். ஆனால் சோதனையை முழுதாகச் செய்யாமல் தீர்ப்புச் சொன்னது சரோஜினிதேவியை உறுத்தியது. மகளுக்குத் தெரியாதது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவர் நளீபாவைப் பார்த்து நேராகவே கேட்டார்: அவ உங்களை எப்படிக் கூப்பிடுவா?

நளீபா சங்கடப்பட்டார். “என்னயா? மதில் எண்டு கூப்பிடுவா. ‘மதில், சோறு திண்டாச்சா’ எண்டு கேப்பா. வேற பேர் செல்லிக் கூப்பிட்டதில்ல.”

யாரோ ஒரு பெண் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். ஓமோம், தானும் கேட்டிருக்கிறேன் என்றாள். சரோஜினிதேவியின் கையிலிருந்த தாள் கொஞ்சம் இறங்கியது. சொல் போகிறது, திரும்பியும் வருகிறது. இருபத்திரண்டு வருடமாக யார் யாரையோ மடக்கிய கேள்வி இப்போது அவரையே மடக்கிவிட்டது.

யாரும் கேட்காமலே மற்றப் பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நாள். முஸ்லிம் வீடுகளில் அன்றைக்குத்தான் இறைச்சி மணக்கும். நளீபா வீட்டில் மட்டும் வெள்ளி போய்ச் சனிக்கிழமைக்கு மாறிப் பல வருடம். வெள்ளி விரதக்காரியான நேசமலருக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் அந்த வாசம் வரக்கூடாதாம். நோன்பு மாதத்தில் நேசமலர் மத்தியானம் எதையும் தாளிக்கமாட்டார். பழஞ்சோறும் மோரும்தான். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை.

சிவபாதசுந்தரம் அகராதியில் விரலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார், “நல்ல பழக்கங்கள். ஆர் இல்லையெண்டது? ஆனா பழக்கம் வேற, சொல் வேற. ரெண்டு பொம்பிளையள் மதிலடியில விளையாட்டுக்குக் கூப்பிட்டதெல்லாம் சொல்லெண்டா, அகராதி எதுக்கு?”

கேள்வி நியாயமானது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சொல் சொல்லாகுமா? தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டும் பழக்கம் சரோஜினிதேவியிடம் இல்லை. ஆகவே அடுத்த கேள்வியைக் கேட்டார்: இந்தச் சொல் முதன்முதலில் எப்போது வந்தது?

நளீபா சிவபாதசுந்தரத்தைப் பார்த்தார். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். சரோஜினிதேவி இரண்டையும் கவனித்தார்.

“அத உடுங்க மிஸ்” என்றார் நளீபா. “பேர் போடாட்டியும் பரவாயில்ல. அறிவித்தல் தெரியாத ஆக்களுக்குத்தானே. அவ மவுத்தானது எனக்குத் தெரியும்.”

கௌரிதான் விடவில்லை. சொல்லுங்கோ ராத்தா, இன்றைக்குச் சொல்லாமல் என்றைக்குச் சொல்லப் போறியள் என்றாள்.

நளீபா சொன்னார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த கலவரம். ஒழுங்கை முனையில் வீடு எரியத் தொடங்கியபோது அவர் மதிலோடு உட்காரும் வாங்கு ஒன்றைப் போட்டு நேசமலரைத் தன் பக்கம் இழுத்தார். கணவர் நமசிவாயம் அன்று வேலைக்குப் போன கந்தோரில் மாட்டிக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் கம்பும் பொல்லுமாய் ஆட்கள் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே யார் என்று கேட்டார்கள். நேசமலர் நளீபாவின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

“நான் சிங்களத்துல செல்லின, மே அபே அக்கா எண்டு. இது எங்கட அக்கா எண்டு. எங்கட வீட்டுல நாங்க ராத்தா எண்டுதான் செல்ற. அக்கா எண்டு நான் ஆரயும் கூப்பிட்டதில்ல. அண்டைக்கு அந்தச் சொல்தான் வந்திச்சி. அவனுகளும் ஏத்துக்கிட்ட. பொறகு பக்கத்துல இருந்தவரக் காட்டி, அப்ப இவன் ஆரு எண்டு கேட்டானுகள். அக்காகே மல்லி எண்டு செல்லின. அக்காட தம்பி எண்டு.”

எல்லாரும் சிவபாதசுந்தரத்தைப் பார்த்தார்கள், பிறகு பார்க்கக்கூடாது என்று வேறெங்கோ பார்த்தார்கள். அன்று அவர் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் அந்த வாங்கில் ஏறித்தான் மதிலைத் தாண்டினார். நளீபாவின் கணவருடைய சாரமும் தொப்பியும் போட்டுக்கொண்டு நாலு நாள் அந்த வீட்டில் ஒளிந்திருந்தார். தமிழைத் திருத்திப் பிழைத்தவர், வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடும் என்று பயந்து நாலு நாளும் ஊமையாக இருந்தார். அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. கௌரிக்கே இது புதினமான செய்தி. பதினாலு வருடமாக அக்கா வீட்டுக்கு வந்துபோன மனிதர் ஒரு நாளும் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

சரோஜினிதேவிக்கு இப்போது விளங்கியது. சிவபாதசுந்தரத்துக்குச் சொல்லோடு வழக்கில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தலையில் தொப்பியோடு நடுங்கிய தன்னையே பார்க்கவேண்டியிருந்தது, அதுதான். கோபம் வரவேண்டிய இடத்தில் சரோஜினிதேவிக்கு இரக்கம் வந்தது. ஆனால் தீர்ப்பைக் கேட்டவர்களுக்குத் தீர்ப்பைச் சொல்லத்தானே வேண்டும்.

“அண்ணை, நான் காலமை கௌரிக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். இது சொல்தான். உங்கட அகராதியில இல்லாதது அகராதியின்ர குறை.”

சிவபாதசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் யாரையும் பார்க்காமல் பேசினார்.

“அண்டைக்கு அவ என்னை மல்லி எண்டு சொல்லேக்க, அந்தச் சொல் சரியோ பிழையோ எண்டு நான் கேக்கேல்லை.” பிறகு சரோஜினிதேவியிடம் கையை நீட்டித் தாளை வாங்கினார். தன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். உற்ற தோழியை வெட்டி, மதிலக்கா என்று எழுதினார். நளீபாவின் பெயரைக் கடைசி வரியிலிருந்து அம்புக்குறி போட்டு மேலே இழுத்து, தன் பெயருக்கு முன்னால் வைத்தார். உடன்பிறப்புகளின் வரிசை அது; அந்த வரிசையில் தனக்கு முன்னால் வைப்பதென்றால் தன்னிலும் மூத்த உடன்பிறப்பாக ஏற்பதென்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நளீபா முக்காட்டுத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

கடைக்குத் திரும்பிப் பிரதியை அனுப்பிய பிறகு, ஒன்றரை மணிக்குத் தொலைபேசி வந்தது. வானொலிக்கு அறிவித்தல் ஏற்கும் பிரிவில் றேமண்ட் என்றொருவர், கொட்டாஞ்சேனைக்காரர், பல வருடப் பழக்கம். நல்ல மனிதர், ஆனால் காலம் நல்லதாக இல்லை. பழக்கமில்லாத சொல் வந்தால் அதற்குள் யாராவது யாருக்காவது தகவல் அனுப்புகிறார்களோ என்று மேலிடத்தில் கேட்பார்களாம். மதிலக்கா என்றால் என்ன, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுத்தால் முழு அறிவித்தலையும் எடுங்கள் என்றார் சரோஜினிதேவி. றேமண்ட் பெருமூச்சு விட்டார். அப்படியானால் அது என்ன சொல் என்று எழுதி, யாராவது பொறுப்பாகக் கையெழுத்து வைக்கவேண்டும், நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்த ஆளைத்தான் கூப்பிடுவார்கள் என்றார்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு விளக்கம் சொல்லப் போனவர்கள் எல்லாரும் அன்றே திரும்பி வந்ததில்லை. இருந்தாலும் சரோஜினிதேவி தாளைத் தட்டச்சில் ஏற்றினார். ‘மதிலக்கா: மதிலுக்கு அப்பால் வசிப்பவளும், உடன்பிறவாதவளும், ஆபத்தில் உடன்பிறந்தவளாக ஏற்கப்பட்டவளுமான மூத்த சகோதரி. இச்சொல் வழக்கிலுள்ளது என நான் உறுதிப்படுத்துகிறேன்.’ கீழே பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். கையெழுத்தைப் போட்டு, கடையிலிருந்த பெக்ஸ் இயந்திரத்தில் அனுப்பினார். வழக்கிலுள்ளது என்று எழுதும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. இரண்டே பேரின் வழக்கு, அதிலும் ஒருவர் போய்விட்டார்.

மாலையில் அறிவிப்பாளர் அதை வாசித்தார். மனைவி, தாயார், மாமியார், நளீபாவின் மதிலக்கா, சிவபாதசுந்தரத்தின் சகோதரி என்று ஒரே சீரான குரலில் போனது. எங்கும் தடக்கவில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடிந்தது. நளீபா தன் வானொலியை மதிலின் மேல் வைத்து இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி விட்டாராம். சிவபாதசுந்தரம் அந்தப் பக்கம் போய் அவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டாராம். கௌரி அடுத்த நாள் சொன்னாள்.

விசாரணைக்கு யாரும் கூப்பிடவில்லை. மூன்று வாரம் கழிந்து ஒரு காலையில், கொட்டாஞ்சேனையிலிருந்து கிளறன்ஸ் என்று ஒருவர் வந்தார். துறைமுகத்தில் வேலை செய்பவர். தாய் யோசெப்பின் முதல்நாள் இரவு இறந்துவிட்டாராம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாகச் சொன்னார். சரோஜினிதேவி குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி ஒருவரின் பெயரைச் சொன்னார். எண்பத்து மூன்றில் தங்கள் வீட்டார் ஆறு பேரையும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியவராம்.

சரோஜினிதேவி அவரை எப்படிப் போடுவது என்று கேட்டார். கிளறன்ஸுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“அவவுக்கு அம்மா மதிலக்கா தானே, மிஸ்? அப்பிடியே போடுங்க.”

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றுவிட்டது. அந்தச் சொல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அந்த மனிதர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். இவ்வளவு காலம் அறிவித்தல் எழுதுகிறவருக்கு இது கூடத் தெரியாதா என்ற பார்வை.

“ரேடியோவிலயும் சொல்றாங்களே. எங்கட பக்கம் எல்லாரும் சொல்ற சொல்லுத்தானே, மிஸ்.”

“ஓம்” என்றார் சரோஜினிதேவி. “எல்லாரும் சொல்றதுதான்.” அவருடைய கண் கலங்கியது. அதை மறைக்க அவர் முயலவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளைத் தட்டச்சில் ஏற்றி, அந்தச் சொல்லை அடித்தார்.